கேள்விக்கடன்: இக்கால மேனாட்டு இசையமைப்பாளரும் பிறநாட்டு இசைகளும்

கல்வியைப் பற்றிக் கூறிய திருவள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கேள்வி என்பது செவியிற் படும் ஒலியை ஏற்றல் மாத்திரமன்று. பிறர் அறிவைத் தன் அறிவாக்கிக் கொள்ளும் முயற்சியுமாகும். இசைக்கலையில் இவ்விரு பொருளும் ஒன்றாய் அமைகின்றன. வேற்று நாட்டாரின் இசையைக் கேட்கும் ஒருவன் அதன் ஓசையை மட்டும் கேட்கின்றானா, அவ்வோசையை ஒழுங்குபடுத்தி நிற்கும் அறிவையும் கேட்கின்றானா என்னும் வினா, கேட்பவனின் தகுதியையே அளந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் மேனாட்டுச் செவ்வியல் இசையமைப்பாளர் பலர் இவ்வினாவுக்கு விடைகூற வேண்டியவராயினர். அவர்தம் ஆக்கங்களுட் கேட்கத்தக்கவை எவை, ஏன் என்பதை ஆராயப் புகுவோர்க்கு இவ்வினாவே உரைகல்லாகும்.

பிறநாட்டு ஓசையை மேனாட்டார் கையாண்டது இருபதாம் நூற்றாண்டிலேதான் என்று கொள்ளுதல் பொருந்தாது. 1782ஆம் ஆண்டிலே வியன்னா நகரில் அரங்கேறிய மோசார்ட்டின் இசைநாடகமொன்றிற் பெருமுரசும் கைத்தாளமும் துருக்கியர் படைவாத்தியத்தை நினைவூட்ட ஒலித்தன. ஆயின் அது நாடகக் கதைக்கு வேண்டிய ஒப்பனை. துருக்கியர் இசையின் இலக்கணம் அங்கே புகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே உலகக் கண்காட்சிகளும், பின்னர் இசைத்தட்டும், கடற்பயணமும் தூரத்து இசையை நேரே செவிக்குக் கொணர்ந்தன. அதன் பின்னர் இசையமைப்பாளர் முன்னே மூன்று வழிகள் திறந்தன. பிறர் இசையின் நிறத்தை எடுத்துக்கொள்ளுதல் ஒன்று. அதன் நியதியை, அதாவது உள்ளமைந்த ஒழுங்கைக் கற்றுத் தம் மொழியிலே பேசுதல் மற்றொன்று. இரண்டையும் கலவாது, வேற்றுமை வேற்றுமையாகவே நிற்கும்படி எதிரெதிர் நிறுத்துதல் மூன்றாவது. இம்மூன்றனையும் ஒருவரிசையில் வைத்து உயர்வு தாழ்வு சொல்லிவிடுதல் எளிது. ஆக்கங்களைச் செவிகொடுத்துக் கேட்டாலோ, தீர்ப்பு அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

1889இல் பாரிசு நகரில் நடந்த உலகக் கண்காட்சியிலே யாவாத் தீவின் கமெலான் குழுவைத் தெபுசி கேட்டார். வெண்கலத் தட்டுகளும் குமிழிட்ட மணிகளும் கொண்ட அக்குழுவின் இசை அவர் நெஞ்சில் நெடுநாள் நின்றது. 1903இல் வெளிவந்த ‘பகோடாக்கள்’ என்னும் அவரது பியானோ ஆக்கத்தைக் கேட்போர்க்கு முதலிலே தோன்றுவது ஐந்து சுரங்களாலான கீழ்த்திசைச் சாயல். அவ்வளவில் நின்றிருப்பின் அது வெறும் நிறமே. ஆயின் கூர்ந்து கேட்பின் வேறொன்றும் கேட்கும். கீழ்ச்சுரங்கள் நெடிய இடைவெளி விட்டு மெல்ல ஒலிக்க, இடைச்சுரங்கள் அதனினும் விரைந்து செல்ல, உச்சச் சுரங்கள் பொடிப்பொடியாய் உதிர்கின்றன. பெரிய மணி அருகியும் சிறிய தட்டுகள் அடர்ந்தும் ஒலிக்கும் கமெலான் குழுவின் அடுக்குமுறையே அது. நிறத்தை நாடிச் சென்ற செவி நியதியின் ஓர் இழையையும் பற்றிக்கொண்டது எனலாம்.

தெபுசிக்குப் பின் வந்தவருள் மொறிஸ் தெலாஜ் என்பாரின் வரலாறு தமிழர் அறியத்தக்கது. றவெலின் மாணாக்கராகிய இவர் 1912இல் இந்தியாவுக்கு வந்தார். அப்பயணத்தின் பயனாகப் பிறந்தவை ‘நான்கு இந்துக் கவிதைகள்’. நான்கும் சென்னை, லாகூர், காசி, செய்ப்பூர் என ஊர்ப்பெயர் தாங்கியவை. இவற்றுள் லாகூர் என்னும் பாட்டின் சொற்கள் யேர்மானியக் கவிஞர் ஹைனேயினுடையவை என்பதை அறிவோர்க்கு முதலில் நகை தோன்றலாம். ஆயின் அதன் தொடக்கத்திலே செலோ என்னும் பெருவயலினின் தந்தி ஒரு சுரத்தினின்று மற்றொரு சுரத்துக்கு இழைந்து செல்லும் விதம், மேனாட்டு வாத்தியம் அதற்குமுன் பெரிதும் பழகாதது. சுரத்தை நிலையான புள்ளியாகக் கொள்ளாது அசைவாகக் கொள்ளும் ஒரு மரபின் சாயல் அங்கே தெரிகின்றது. இறுதியிலே பாடுவோர் சொல்லின்றி, வாய்மூடி, குரலை மட்டும் நெளியவிடுவதும் அத்தகையதே.

தெலாஜின் மற்றோர் ஆக்கம் ‘இராகமாலிகை’. கோயம்புத்தூர்த் தாயி என்னும் தமிழ்ப் பாடகியின் இசைத்தட்டை அடியொற்றி அவர் இதனை ஆக்கினார். 1872 முதல் 1917 வரை வாழ்ந்த அவ்வம்மையார், இசைத்தட்டுத் தொழில் இந்நாடுகளிற் காலூன்றிய தொடக்கக் காலத்திலேயே புகழ்பெற்றவர். அவர் குரலுக்குப் பின்னே நின்ற சுருதியைப் பியானோவிற் கொணர விரும்பிய தெலாஜ், ஒரு சுரத்துக்குரிய தந்தியின் அடியிலே அட்டையை இட்டு அதன் ஒலியை மழுக்கினார். பியானோவின் உள்ளே வேற்றுப் பொருளை வைத்து அதன் தொனியை மாற்றும் முறை, பிற்காலத்தில் அமெரிக்கரான ஜோன் கேஜின் பெயரால் விளங்கியது. அம்முறையின் முன்னோடிகளுள் ஒன்று, ஒரு தமிழ்ப் பாடகியின் இசைத்தட்டைக் கேட்டதன் விளைவு என்பது வியத்தற்குரியது. எனினும் ஆக்கத்தை நடுநிலையிற் கேட்போர் ஒரு குறையைச் சொல்லவே வேண்டும். தட்டிலே பதிவாகிய ஒருமுறைப் பாட்டைத் தெலாஜ் எழுத்தாக்கினார். அப்பாட்டு மறுமுறை பாடப்படின் வேறாய் விரிந்திருக்கும் என்னும் உண்மை எழுத்திலே உறைந்துபோயிற்று. மலரின் ஓவியம் செவ்விதாயினும் அதில் அடுத்த அரும்பு தோன்றாது. இதுவே நிறத்தைக் கொள்ளும் வழியின் எல்லை.

நியதியைக் கொள்ளும் வழிக்கு முதல் எடுத்துக்காட்டாவார் ஒலிவியே மெசியான். 1908இற் பிறந்து 1992இல் மறைந்த இப் பிரான்சியர் பாரிசு மாதாகோயிலொன்றிலே ஓகன் வாத்தியம் வாசித்தவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். சாரங்கதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய ‘சங்கீத ரத்நாகர’த்திலே கூறப்பட்ட 120 தேசி தாளங்களின் பட்டியலை ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்திலே கண்டு, அதனைத் தம் வாழ்நாள் முழுவதும் பாடநூலாகக் கொண்டார். இரண்டாம் உலகப் போரிற் சிறைப்பட்ட அவர், யேர்மானியரின் கோர்லிற்ஸ் கைதிமுகாமிலே ‘காலத்தின் முடிவிற்கான நால்வரிசை’ என்னும் ஆக்கத்தை இயற்றினார். அது 1941 தை 15ஆம் நாள் அம்முகாமிலேயே கைதிகள் முன்னிலையில் முதன்முதல் வாசிக்கப்பட்டது. அங்கே கிடைத்த வாசிப்போர் யாவரோ அவர்க்கேற்பவே வயலின், கிளரினெற், செலோ, பியானோ என்னும் நான்கும் சேர்ந்தன.

இவ்வாக்கத்தின் முதற்பகுதியிலே கிளரினெற்றும் வயலினும் விடியற்காலப் பறவைகளைப் போலப் பாடுகின்றன. அவற்றின் கீழே பியானோ செய்வது வேறு. இராகவர்த்தனம், சந்திரகலை, லக்ஷ்மீசம் என்னும் மூன்று தேசி தாளங்களைத் தொடுத்து 17 கால அளவுகள் கொண்ட ஒரு தொடரை மெசியான் அமைத்தார். அத்தொடரின் மேல் 29 சுரக்கூட்டுகள் கொண்ட வேறொரு தொடரை ஏற்றினார். காலத்தொடர் முடிந்து மீளத் தொடங்கும்போது சுரத்தொடர் நடுவழியில் நிற்கும். 17உம் 29உம் பொது வகுத்தி இல்லாத எண்கள் ஆதலின், இரண்டும் தொடங்கிய இடத்தில் ஒருங்கே வந்து சேர்வதற்கு 493 அடிகள் வேண்டும். அத்துணை அடிகள் செல்லுமுன்னரே பகுதி முடிந்துவிடும். கேட்போர் இவ்வெண்களை எண்ணுவதில்லை. தம் செவிக்கு அகப்படாத ஏதோ ஒரு பெருஞ்சக்கரம் சுழல்கின்றது, தாம் கேட்பது அதன் ஒரு சிறு வில்லே என்னும் உணர்வு அவர்க்கு உண்டாகின்றது. காலம் முடிந்து நித்தியம் தொடங்கும் என்னும் சமயக் கருத்தைச் சொல்லால் அன்றிக் கணக்காலேயே உணர்த்திய திறம் இது. முள்வேலிக்குள்ளே நாளையெண்ணிக் கிடந்த கைதிகளுக்கு அவ்வுணர்வு எத்தகையதாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மெசியான் தாளப் பட்டியலிற் கண்ட மற்றொரு நுட்பம், முன்னிருந்து எண்ணினும் பின்னிருந்து எண்ணினும் ஒரேபடியாய் அமையும் தாளவடிவம். மேனாட்டார் இதற்கு நீண்ட விளக்கம் எழுதுவர். தமிழ் மாணாக்கருக்கோ திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகத்தை நினைவூட்டினாற் போதும். எழுத்துகளிலே சம்பந்தர் செய்ததை மெசியான் கால அளவுகளிலே செய்தார். மிருதங்க யதி, டமரு யதி என்பன அறிந்தோர்க்கும் இவ்வமைப்புப் புதிதன்று. மாலைமாற்றான தாளத்துக்குத் திரும்பிச் செல்லுதல் என்பது இல்லை. திரும்பினும் அதுவே வரும். ஆதலின் காலம் ஓடாது நிற்பதொரு தோற்றம் பிறக்கின்றது. 1949 மார்கழி 2ஆம் நாள் பொஸ்ரன் நகரிலே லெனாட் பேண்ஸ்ரைன் நடத்த அரங்கேறிய ‘துரங்கலீலா’ சிம்பொனியிலே இத்தகைய உத்திகள் பெருவாத்தியக்குழு முழுவதும் பரந்து, பத்துப் பகுதிகளிலே ஒரு பெருவிழாவாகின்றன. அதன் பெயரே வடமொழிச் சொற்களாலானது. குதிரையென ஓடும் காலம் ஒன்று, விளையாட்டு மற்றொன்று.

இத்துணைச் சிறப்புடையராயினும் மெசியான் தாளத்தை அறிந்தார் என்று கூறலாமா? தாளம் என்பது கால அளவுகளின் பட்டியல் மாத்திரமன்று. அது கையாற் போடப்படும் கிரியை. மீண்டும் மீண்டும் சமத்துக்கு வந்து சேரும் வட்டம். பாட்டின் எடுப்போடு ஊடியும் கூடியும் நிற்பது. மெசியான் பெற்றது ஏட்டிலுள்ள உடலே. கையிலும் தொடையிலும் வாழும் உயிரன்று. அவர் எடுத்த தாளங்களுட் பல இன்று கச்சேரி மேடையில் வழங்காதவை. எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஏட்டை மட்டுமே பெற்ற மாணாக்கன் ஏட்டினை ஐயத்துக்கிடமின்றிப் படித்தான். தனக்கு வேண்டிய கிளர்ச்சிக்காக அதன் மேலோட்டமான ஓசையைக் கொய்துகொள்ளவில்லை. துரங்கலீலாவைக் கேட்போர் எவரும் அதனை இந்திய இசையென்று மயங்கார். தாளத்தின் நியதி அங்கே பிரான்சு மொழியிற் பேசுகின்றது.

ஏட்டினின்று கற்றவர் மெசியான் எனின், ஆசிரியர் முன் அமர்ந்து கற்றவர் அமெரிக்கரான ஸ்ரீவ் றைஷ். 1936இற் பிறந்த இவர் 1970இல் மேற்காபிரிக்காவிலுள்ள கானா நாட்டுக்குச் சென்று, எவே இனத்தாரின் பறைமுறையை அவ்வினத்து முதன்மைப் பறைஞராகிய கிடியன் அலோவோயியிடம் பயின்றார். மூன்றாண்டுகளின் பின், 1973இலே, சியாற்றில் நகரில் பாலித்தீவின் ஆசிரியரிடம் கமெலான் பயின்றார். எவே பறைமுறையிலே இருப்பு மணியொன்று மாறாத ஒரு தாளவடிவைத் தட்டிக்கொண்டிருக்கும். ஏனைய பறைகள் தத்தம் வடிவங்களை வெவ்வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளும். எல்லார்க்கும் பொதுவான ஒரே எடுப்பு அங்கில்லை. ஒருவன் தன் பங்கை மட்டும் கற்றால் அவன் இசையைக் கற்றவனாகான். பிறர் பங்கோடு தன் பங்கு எங்ஙனம் பின்னுகின்றது என்பதை அறிந்தபின்னரே கற்றவனாவான்.

றைஷ் நாடு திரும்பியபோது ஆபிரிக்கப் பறைகளைத் தம் ஆக்கத்தில் ஒலிக்கச் செய்திருக்கலாம். கேட்போர் புதுமையென்று வியந்திருப்பர். அவர் அதனைச் செய்யவில்லை. ஒலியைப் போலச் செய்தல் வெறும் வேடிக்கையாகும், அமைப்பைக் கற்றலே பயனுடைத்து என்பது அவர் எழுதிவைத்த கொள்கை. அக்கொள்கையின் மிக எளிய விளக்கம் 1972இல் அவர் இயற்றிய ‘கைதட்டல் இசை’. அதற்கு வாத்தியமே வேண்டியதில்லை. இருவர் கைகளே போதும். 12 மாத்திரை கொண்ட ஓர் ஆவர்த்தத்திலே 8 தட்டுகளும் 4 வெறுமைகளும் உள. ஒருவர் இவ்வடிவை மாற்றாது தட்டிக்கொண்டேயிருப்பார். மற்றவர் சிறிதுநேரம் கூடத் தட்டியபின், தம் எடுப்பை ஒரு மாத்திரை தள்ளுவார். பின்னர் மேலும் ஒரு மாத்திரை. இப்படிப் பன்னிரண்டு முறை தள்ளியபின் இருவரும் மீண்டும் ஒன்றாவர். வடிவம் ஒன்றே, எடுப்பு மாறுந்தோறும் புதிய புதிய பின்னல் பிறக்கின்றது. எந்தக் கல்லூரி வகுப்பறையிலும் இரு மாணாக்கர் முயன்று பார்க்கக்கூடிய பெருங்கலை இது.

இவ்வித்து 1971இல் முற்றுப்பெற்ற ‘பறைகொட்டல்’ என்னும் நெடிய ஆக்கத்திலும், 1976இல் நியூயோர்க் நகரில் அரங்கேறிய ‘பதினெண்மருக்கான இசை’யிலும் மரமாகின்றது. முன்னதிலே பன்னிரண்டு மாத்திரை கொண்ட வட்டத்தில் ஒரே ஒரு தட்டு முதலிற் கேட்கின்றது. வெறுமைகள் ஒவ்வொன்றாய்த் தட்டுகளால் நிரம்ப, இசை கண்முன்னே கட்டப்படுகின்றது. பின்னதிலே குழுவை நடத்துவார் எவருமிலர். வைபிரபோன் என்னும் உலோக வாத்தியம் குறிகாட்ட எல்லாரும் அடுத்த பகுதிக்கு மாறுவர். தலைமைப் பறையின் குறியறிந்து குழு மாறும் ஆபிரிக்க, பாலித்தீவு வழக்கங்களே இதற்கு முன்மாதிரி. கிளரினெற்று வாசிப்போரும் பாடுவோரும் தம் மூச்சு நிற்கும்வரை ஒரு சுரத்தைத் துடிக்கவிட்டு ஓய்வர். மூச்சின் நீளமே அளவுகோல். ஏறத்தாழ ஒரு மணிநேரம் செல்லும் இவ்வாக்கத்திலே பதினெட்டுப் பேரில் ஒருவரும் தனித்து மேம்படுவதில்லை. எவேயர் பறையிலிருந்து றைஷ் கற்ற ஆழமான பாடம் தாளக்கணக்கு அன்று; பலர் ஒன்றாய் வாழும் ஒழுங்கு. ஓடும் நாடாவில் ஒலியை விலகவிடும் உத்தியை அவர் 1965இலேயே தாமாகக் கண்டிருந்தார். ஆதலின் ஆபிரிக்கா அவர்க்கு இல்லாததைக் கொடுத்ததைவிட, உள்ளதை உறுதிசெய்தது என்றலே பொருத்தம். நன்கு கற்போன் தன்னை இழப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

றைஷோடு ஒருங்குவைத்துப் பேசப்படுபவர் 1937இற் பிறந்த பிலிப் கிளாஸ். 1960களின் நடுவிலே பாரிசில் ஒரு திரைப்படத்தின் பொருட்டுச் சித்தார் மேதை ரவிசங்கரின் இசையை மேனாட்டுக் குறியீட்டில் எழுதும் பணி இவர்க்கு வாய்த்தது. இவர் எழுதியதை வாத்தியக்காரர் வாசித்தபோதெல்லாம் தவறான இடங்களில் அழுத்தம் விழுந்தது. எல்லாச் சுரங்களும் சமமானவை என்று தபேலாக் கலைஞர் அல்லா ரக்கா வலியுறுத்தினார். செய்வதறியாது கிளாஸ், தாம் எழுதியவற்றின் இடையிருந்த கோடுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். அழித்ததும் சிறுசிறு கூறுகள் சேர்ந்து பெருந்தொடராகும் ஒழுங்கு அவர் கண்ணுக்குப் புலனாயிற்று. பின்னர் வந்த அவரது இசையெல்லாம் இக்கண்டுபிடிப்பின் விரிவே. 1980இல் றொட்டர்டாம் நகரில் அரங்கேறிய அவரது இசைநாடகம் ‘சத்தியாக்கிரகம்’. தென்னாபிரிக்காவிலே காந்தியடிகள் நடத்திய அறப்போர் அதன் பொருள். அப்போரின் 1913ஆம் ஆண்டுக் கட்டத்திலே தமிழ்த் தொழிலாளரும் பெண்டிரும் சிறைசென்றமை வரலாறு. பாடப்படும் சொற்களோ பகவற்கீதையின் வடமொழிச் சொற்கள்.

இந்நாடகத்தின் இறுதியிலே காந்தியாராய் நிற்பவர் எட்டுச் சுரங்கள் கொண்ட ஓர் ஏறுநிரையை மீண்டும் மீண்டும் பாடுகின்றார். தமிழ்ச் செவிக்கு அது தோடி மேளத்தின் ஆரோகணம். மேளம் உண்டு, தோடி இல்லை. அசைவற்ற காந்தாரத்தைத் தோடியென்று எவரும் கொள்ளார். சுரநிரை வேறு, இராகம் வேறு என்பதனை விளக்க இதனினும் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. எனினும் கிளாஸ் இராகம் பாட முயன்றாரல்லர். வெறுமையான அந்நிரை திரும்பத் திரும்ப ஏறுகையில், தோற்றாலும் மீண்டும் அதே படியில் கால்வைக்கும் ஒரு மனிதனின் பொறுமை கேட்கின்றது. அவ்விடத்து அவர் வெற்றி பெறுகின்றார். ஆயின் நாடகத்தின் வேறு சில இடங்களில் மீட்டல் மீட்டலாகவே நின்று சலிப்பூட்டுகின்றது என்பதையும் மறைத்தல் கூடாது. சிறுகூறுகளைக் கூட்டும் உத்தியை இந்தியத் தாளத்தினின்று எடுத்த அவர், அத்தாளத்தின் மற்றப் பாதியாகிய எதிர்பார்ப்பை, சமத்தில் வந்து விழும் தீர்மானத்தின் இன்பத்தை, எடுக்கவில்லை.

மூன்றாவது வழியைக் காட்டியவர் யப்பானியராகிய தோரு தக்கெமிற்சு. 1930இற் பிறந்து 1996இல் மறைந்த இவருக்குப் பிறநாட்டு இசையாய் முதலில் நின்றது தம் நாட்டு இசையே. போர்க்காலத்தின் கசப்பான நினைவுகளோடு பிணைந்திருந்தமையால் யப்பானிய மரபிசையை அவர் இளமையில் வெறுத்தார். மேனாட்டு இசையிலேயே தஞ்சம் புகுந்தார். பொம்மலாட்ட அரங்கொன்றின் தந்தியிசை பின்னர் ஒருநாள் அவரைத் திடுக்கிட வைத்தது. மேனாட்டாராகிய ஜோன் கேஜின் சிந்தனையும் அவர் கண்ணைத் தம் நாட்டின்பால் திருப்பியது. நியூயோர்க் பில்ஹார்மொனிக் குழு தன் 125ஆம் ஆண்டு நிறைவின்பொருட்டு வேண்ட, 1967இல் அவர் ‘நவம்பர்ப் படிகள்’ என்னும் ஆக்கத்தை இயற்றினார். பீவா என்னும் யப்பானியத் தந்திவாத்தியமும் சாக்குஹாச்சி என்னும் மூங்கிற் குழலும் மேனாட்டுப் பெருவாத்தியக்குழுவின் முன்னே நிற்பன.

இரு மரபும் கூடிக் குலவும் என்று எதிர்பார்த்துக் கேட்போர் இங்கே ஏமாறுவர். பெருவாத்தியக்குழு ஒலிக்கையில் அவ்விரண்டும் பெரும்பாலும் வாளாவிருக்கும்; அவை ஒலிக்கையிற் குழு வாளாவிருக்கும். இறுதியை அடுத்துப் பல நிமிடங்கள் குழு முழுதும் மௌனமாய் நிற்க, குழலும் தந்தியும் மாத்திரம் உரையாடுகின்றன. சாக்குஹாச்சியின் ஒரே சுரத்துக்குள்ளே மூச்சின் சீறலும் மூங்கிலின் முரலும் அடங்கியுள்ளன. பீவாவின் தந்தி தூய சுரமாய் ஒலியாது, கரகரத்து அதிர்கின்றது. அதனை யப்பானியர் குறையெனக் கருதாது வேண்டியே ஆக்குவர். தம்புராவின் குதிரையிலே நூலிட்டு, சுருதிக்கு ஜீவன் கொடுக்கும் வழக்கத்தை அறிந்த செவிக்கு இது எளிதில் விளங்கும். இத்தகைய ஒலியைப் பெருவாத்தியக்குழுவின் சுரக்கூட்டுக்குள் அமிழ்த்தினால் அது வெறும் இரைச்சலாய்க் கெடும். தனியே நிறுத்தினாலோ ஓர் உலகமாய் விரியும். கலக்க மறுத்தலும் ஒருவகை மரியாதை என்பதைத் தக்கெமிற்சு உணர்த்தினார். பல்வேறு வாத்தியங்களை ஒரே மேடையிலேற்றி, யாவும் ஒரே தாளத்திற் குதிக்கச் செய்து, அதனை ஒற்றுமையென்று விற்கும் கலவையிசையை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே ஒவ்வொன்றும் தன் நுட்பத்தை விட்டுக்கொடுத்தே மற்றதோடு சேர்கின்றது.

இங்கே இருசாரார் தடை நிகழ்த்தக்கூடும். ஒருசாரார், எம்மரபும் தன் தூய்மையைக் காத்தலே முறை, கொடுக்கல் வாங்கல் யாவும் கேடு என்பர். இவர்கள் கருநாடக இசைமேடையில் வயலினைச் சிறிது நோக்குதல் வேண்டும். பாலுசாமி தீட்சிதர் காலத்திலே மேனாட்டாரிடமிருந்து பெற்ற அவ்வாத்தியம், நிலத்திலமர்ந்து கால்மேல் ஊன்றப்பெற்று, சுருதிக்கேற்பத் தந்திகள் மாற்றப்பெற்று, கமகத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. இன்று அதனை அந்நியமென்பார் இலர். பிறர் பொருளைத் தன் நியதிக்கு அடக்கும் ஆற்றல் மரபின் வலிமையே; மெலிவன்று.

மற்றச் சாரார் கூறும் தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. எவேயரின் பறைவடிவங்கள் ஓர் ஊரின் பொதுச்சொத்து. மேடையேறும் ஆக்கமோ ஒருவர் பெயரால் வழங்குகின்றது. கோயம்புத்தூர்த் தாயியின் குரல் தட்டினின்று பாரிசு சென்றது; அக்குரலுக்குரியவர் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்? பேரரசுகள் பொன்னும் தேயிலையும் கொண்டுசென்ற கப்பலிலேயே இசையும் சென்றது என்று இவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. இதற்கு முழுமையான விடை எந்த இசையமைப்பாளரிடமும் இல்லை. ஆயினும் கொள்ளைக்கும் கல்விக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கொள்ளையிடுவோன் பொருளின் உடையவனை மறைப்பான். கற்போன் ஆசிரியனின் பெயரைச் சொல்லுவான். சாரங்கதேவரின் பெயரை மெசியானும், அலோவோயியின் பெயரை றைஷும், அல்லா ரக்காவின் சொல்லைக் கிளாசும் தாமே உலகுக்கு எடுத்துரைத்தனர். கேள்விக்கடனை அடைக்கும் முதற்றவணை அதுவே. மிகுதியை அடைக்க வேண்டியோர் கேட்போர்.

இக்கடனைப் பிறப்புரிமையாகவே சுமப்போரும் அடுத்த தலைமுறையில் எழுந்துள்ளனர். 1972இல் அமெரிக்காவிற் பிறந்த கப்றியேலா லேனா பிறாங்க் அம்மையாரின் தாய் பெரு நாட்டினர். 2001இல் அவர் இயற்றிய ‘லேயெந்தாஸ்’ என்னும் நால்வரிசையிலே இரு வயலின்களும் வியோலாவும் செலோவும் அந்தீசு மலைவாணரின் குழல்களாக மாறுகின்றன. அங்குள்ள பன்னிலைக்குழல் மரபிலே ஒரு மெட்டின் சுரங்களை இருவர் பகிர்ந்துகொள்வர். ஒருவர் விட்ட சுரத்தை மற்றவர் ஊதினாலன்றி மெட்டு நிறைவுறாது. அவ்வொழுங்கு நான்கு தந்திவாத்தியங்களிடையே ஓடுவதைக் கேட்கையில், நிறமும் நியதியும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. அயலார் கற்றுப் பெற்றதை மகள் வீட்டிலிருந்தே கொணர்கின்றாள். ஆயினும் அவளும் மலைகளுக்குச் சென்று கேட்டே எழுதினாள்.

ஆதலின் இவ்வாக்கங்களைக் கேட்க விரும்பும் மாணாக்கர், ஆக்கத்தோடு அதன் ஊற்றையும் இணைத்துக் கேட்டல் நன்று. தெபுசியின் ‘பகோடாக்க’ளுக்கு முன் யாவாத் தீவின் கமெலானைக் கேட்க வேண்டும். ‘இராகமாலிகை’யைக் கோயம்புத்தூர்த் தாயியின் பழந்தட்டோடும், ‘பறைகொட்ட’லை எவேயரின் பறையோடும், ‘நவம்பர்ப் படிக’ளைத் தனிச் சாக்குஹாச்சியோடும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். முற்காலத்தே கப்பலேறிச் செல்வோர்க்கன்றிக் கிட்டாத இவ்வொலிப்பதிவுகளுட் பல இன்று கையிலுள்ள தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. கிடைத்தற்கருமை போயிற்று, கேட்டற்கருமை போகவில்லை. ஊற்றை அறியாது ஆக்கத்தை மட்டும் கேட்போன் இசையமைப்பாளரின் கற்பனையை மிகைப்படப் புகழ்வான். ஊற்றை மட்டும் போற்றுவோன், ஒரு மரபு மற்றொரு மனத்திலே புதிதாய்த் தளிர்க்கும் அற்புதத்தைக் காணாது போவான். இரண்டையும் கேட்போனுக்கே, எங்கே நிறம் முடிந்து நியதி தொடங்குகின்றது என்பது தெரியும்.

அதனோடு மற்றொன்றும் தெரியும். பிறர் இசையின் நியதியைத் தேடப் பழகிய செவி, தன் இசைக்குத் திரும்பும்போது அங்கும் நியதியைத் தேடும். பழக்கத்தாற் பொருளின்றிப் போட்ட தாளம், மெசியானைக் கேட்டபின் மீண்டும் கணக்காகின்றது. பீவாவைக் கேட்டபின் தம்புராவின் ஜீவன் மீண்டும் வியப்பாகின்றது. வெளியே சென்று கேட்டவனுக்கே வீட்டின் ஒலி புதிதாய்க் கேட்கும். கேள்விக்கடனை ஏற்றவன் வறியவனாவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதின்று.